பில் மெஷினுக்கு அடியில் இருந்த நோட்டு

ஒரு சின்னக் கடையில் பில் போடக் கணினி வைத்து நாலு வாரம் ஆகியிருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்ற நினைப்பில்தான் அன்றைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய விற்பனை அறிக்கையைப் பார்க்கலாம் என்று கீபோர்டை என் பக்கம் நகர்த்தினேன். அடியில் ஒரு நோட்டு. ஓரமெல்லாம் கறுத்து, நூலில் பேனா கட்டித் தொங்கவிட்ட பழைய நோட்டு. போன மாதமே பரணுக்குப் போய்விட்டது என்று முதலாளி என்னிடம் சொன்ன அதே நோட்டு.

பில் போடும் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அது சும்மா சார்," என்றார்.

புரட்டினேன். அன்றைய தேதியில் மட்டும் பதினோரு வரி இருந்தது.

சின்னக் கடைகள், பட்டறைகள், ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடங்கள் இவற்றுக்குக் கணினியும் மென்பொருளும் வைத்துக் கொடுத்து, பழக்கிவிடும் வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். இது குழாய்ச் சாமான், ஆணி, பெயின்ட் விற்கும் கடை. முதலாளி ஒருவர், பில்லுக்கு அக்கா, எடுத்துக் கொடுக்க இரண்டு பையன்கள். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது, பொருள் பட்டியல் ஏற்றியது, பழக்கியது எல்லாம் நான். அதனால் அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் யாரோ ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பதினோரு வரிகளில் சில இப்படி இருந்தன. "நீலச் சட்டை, எல்போ 6, பாதிதான் குடுத்தார், மீதி சாயங்காலம்." "வால்வு 2 கொண்டுபோனாங்க, சேரலன்னா திரும்ப வரும்." "வெள்ளை பெயின்ட் பெரிய டப்பா எடுத்து வை, வீட்ல கேட்டுட்டு வர்றாங்க." "லோடுல பைப் 4 கொறையுது, டிரைவர்கிட்ட சொல்லியாச்சு."

இவற்றில் ஒன்றைக்கூட பில்லாகப் போட முடியாது. நான் கொண்டுவந்த மென்பொருளுக்கு விற்பனை தெரியும், திரும்பி வந்த சரக்கு தெரியும், கொள்முதல் தெரியும். 'சேரலன்னா திரும்ப வரும்' என்பது தெரியாது. அந்த வால்வு விற்றதா, விற்கவில்லையா? கடையைப் பொறுத்தவரை இரண்டும் இல்லை. மென்பொருளில் இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்வது. அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, நோட்டு கையில் இருக்கிற வரைக்கும் மென்பொருள் பழகவே பழகாது, எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் என்று அழுத்திச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். நோட்டை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

ஒரே வாரம். போன் வந்தது. பல வருஷ வாடிக்கையாளர் ஒருவர், தொட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத நோட்டு இல்லை. மென்பொருளில் முன்பணத்துக்கென்று இருக்கும் திரை எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறார். மறுநாள் அக்கா விடுப்பு, சீட்டு எங்கோ பறந்துவிட்டது. வந்து கேட்டவரிடம் பையன், "அப்படி எதுவும் இல்லையே" என்று சொல்ல, நடுக்கடையில் பெரிய சத்தம். முதலாளி என்னிடம் கோபப்படவில்லை. "உங்க மெஷின் நல்ல மெஷின்தான் தம்பி. ஆனா அதுக்கு ஞாபகம் பத்தல," என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் கணக்கியலின் பழைய கதையைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1494இல் வெனிஸ் நகரத்தில் அச்சான ஒரு கணித நூலில், லூக்கா பாச்சோலி என்ற துறவி அந்த ஊர் வியாபாரிகள் கணக்கு வைக்கும் முறையை விளக்கி எழுதினார். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவு முறை அதன் வழியாகத்தான் அச்சில் பரவியது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பளிச்சென்று பட்டது வேறு. அவர் சொல்வது மூன்று புத்தகங்கள். கடைசியில் வருவது, கணக்கு வாரியாகத் தொகுத்து எழுதும் பேரேடு. அதற்கு முன்னால், தேதி வரிசையில் எழுதும் நாளேடு. அதற்கும் முன்னால் ஒன்று: குறிப்பேடு. நடந்ததை நடந்தபடி, எந்த நாட்டு நாணயத்தில் நடந்ததோ அதே நாணயத்தில், கையில் இருப்பவர் எழுதிப்போடுவது. அழகு, ஒழுங்கு எதுவும் வேண்டாம். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, அதிலிருந்து நாளேட்டுக்கு எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

நாம் விற்கும் பில்லிங் மென்பொருள்களில் நாளேடு இருக்கிறது, பேரேடு இருக்கிறது. குறிப்பேட்டைக் காணோம். முடிந்த காரியங்களை மட்டும்தான் அவை ஏற்றுக்கொள்கின்றன. சின்னக் கடையின் ஒரு நாளில் பாதி முடியாத காரியங்கள். அக்கா ஒளித்து வைத்திருந்தது வெனிஸ் வியாபாரிகளின் முதல் புத்தகத்தை. அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டு திரும்பி வந்தது. ஒரே ஒரு ஏற்பாடு செய்தோம். கடை சாத்துவதற்கு முன் அன்றைய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. பில்லாகிவிட்டால் மென்பொருளில் ஏற்றிவிட்டு அடித்துவிடுவது. காரியம் கலைந்துபோனால் சும்மா அடித்துவிடுவது. இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் நாளைய பக்கத்தில் மறுபடி எழுதுவது. கால் மணி நேர வேலை. மென்பொருளிலேயே பில்லை நிறுத்திவைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு ஐந்து பட்டன் அழுத்த வேண்டும். எதிரில் மூன்று பேர் நின்றுகொண்டு, அதில் ஒருவர் "சீக்கிரம் குடுங்க" என்று விரலால் மேசையைத் தட்டும்போது யாரும் ஐந்து பட்டன் அழுத்த மாட்டார்கள். நூலில் கட்டிய பேனா தானாகக் கைக்கு வந்துவிடும்.

அப்போதிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் இரண்டு நாள் லேப்டாப்பைத் திறப்பதில்லை. கூட்டமான நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். துண்டுச் சீட்டு எங்கே குத்தி வைக்கிறார்கள், எதைச் சத்தம் போட்டுக் கேட்கிறார்கள், எதற்கு எழுந்து நடக்கிறார்கள். இதற்குக் கூலி கேட்டால் சிலர் முறைப்பார்கள். "சும்மாதானே உக்காந்திருந்தீங்க?" கேட்கத்தான் செய்வார்கள்.

அடுத்த தலைவலி பொருள் பட்டியல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு தட்டச்சு வேலை. உள்ளே இறங்கினால்தான் தெரியும், மொத்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான் என்று. அந்தக் கடையில் ஒரு பையன் 'முக்கால் எல்போ' என்பான். கம்பெனி ரசீதில் '20 எம்எம் எல்போ' என்று வரும். முதலாளி வாயில் அது 'சின்ன வளைவு'. மூன்றும் ஒரே சாமான். முக்கால் அங்குலக் குழாய்க்கு மெட்ரிக் அளவில் 20 என்றுதான் பெயர். இது தெரியாமல் நான் மூன்றையும் தனித்தனியாக ஏற்றிவிட்டேன். கொள்முதல் ஒரு பெயரில் ஏற, விற்பனை இன்னொரு பெயரில் இறங்க, மாதக் கடைசியில் ஒன்றின் இருப்பு மைனஸ் 40 என்று காட்டியது. இல்லாத சாமானை நாற்பது விற்றிருக்கிறோம்! இன்னொன்று, பெட்டி காலியாகக் கிடக்க, 60 இருக்கிறது என்றது. அப்புறம் யார் அந்தத் திரையை நம்புவார்கள்? ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் போதும், பையன்கள் மறுபடி அலமாரியைத் திறந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணவும் செய்தார்கள்.

பெயர்களை ஒன்றாக்க, கடையில் இருப்பவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசவைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, இதை நீ என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன். மூன்று மாலை போனது. கடையின் பேச்சு வழக்குதான் பெயர், கம்பெனிப் பெயர் பக்கத்தில் ஒரு தேடல் சொல்லாக இருக்கட்டும் என்று முடிவானது. நான் முதலில் நேர்மாறாக வைத்திருந்தேன். கம்பெனி பட்டியல் சுத்தமாக இருக்கிறதே என்ற ஆசை.

பார்கோடு ஒட்டினால் இந்தப் பெயர்ச் சண்டையே வராதே என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. பெயர் என்னவாக இருந்தாலும் எண் ஒன்று. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் முதன்முதலாக ஒரு சூயிங் கம் பொட்டலம் அப்படி ஸ்கேன் ஆனது. ஆனால் அந்த யோசனைக்குக் காப்புரிமை கிடைத்தது 1952இலேயே. இருபத்திரண்டு வருஷம் எதற்கு? மலிவான லேசரும் கணினியும் வர வேண்டியிருந்தது. அதோடு, தயாரிப்பவர்களும் விற்பவர்களும் உட்கார்ந்து ஒரே எண் முறைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் மூன்று மாலைகள் பரவாயில்லை.

பார்கோடில் நான் வாங்கிய அடி தனி. பொருள்களையும் அவற்றின் 13 இலக்க எண்களையும் எக்செல்லில் வரிசையாகப் போட்டு, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாகச் சேமித்து, மென்பொருளுக்குள் ஏற்றினேன். பாதிப் பொருள்களுக்கு மேல் 'ஏற்கெனவே உள்ளது' என்று திருப்பித் தள்ளியது. எக்செல்லுக்கு அது பார்கோடு என்று தெரியாது, பெரிய எண் என்று நினைக்கும். பதினோரு இலக்கத்தைத் தாண்டினால் நடுவில் ஓர் 'ஈ' போட்டுச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது திரையில் தெரிகிற அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும். கடைசி இலக்கங்கள் போயே போச்சு. ஒரே கம்பெனியின் பொருள்கள் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டன. எண்ணைப் போடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். எண்ணின் முன்னால் வரும் பூஜ்யங்களும் அப்போதுதான் பிழைக்கும். இன்னொன்று: 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். இடமிருந்து ஒற்றைப்படை இடத்தில் இருப்பவற்றை அப்படியே, இரட்டைப்படை இடத்தில் இருப்பவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் பத்தால் வகுபட வேண்டும். எக்செல்லில் ஒரு சூத்திரம் போட்டு வைத்தால் கை தவறி அடித்த எண்கள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிவிடும். இரண்டாம் முறை ஏற்றும்போது அப்படித்தான் செய்தேன். ஒன்பது தப்பு கிடைத்தது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் முடியாத காரியங்கள் மட்டும் இல்லை, அது பிறகுதான் தெரிந்தது. தப்பாகப் போட்ட பில்களையும் அதில் எழுதி வைத்திருந்தார். மென்பொருளில் ரத்து செய்வது இரண்டு கிளிக் வேலை. ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி அவருக்குப் போயிடுதே," என்றார்.

போயிடுகிறதுதான். ரத்தான பில்களின் பட்டியல் தினமும் இரவு முதலாளியின் போனுக்குப் போகும்படி அமைத்துக் கொடுத்தவன் நான். 'நீங்க வீட்ல இருந்தே பாத்துக்கலாம்' என்று அதை ஒரு சிறப்பு அம்சமாகக் காட்டிப் பெருமைப்பட்டதும் நான். அக்காவுக்கு அது தன் தப்புகளின் பட்டியல். தினமும் ராத்திரி ஒருவர் அதைப் படிக்கிறார் என்று தெரிந்தால் நானும் நோட்டில்தான் எழுதியிருப்பேன்.

கல்லா இயந்திரத்தின் பிறப்பிலேயே இந்தச் சந்தேகம் இருக்கிறது. ஓஹையோவில் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, கல்லாவில் வேலைக்காரர்கள் கை வைக்கிறார்கள் என்று நொந்துபோயிருந்தவர். கப்பலில் போகும்போது, உந்துவிசிறி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். சுற்றை எண்ண முடிந்தால் காசையும் எண்ணலாமே என்று தோன்றியது. சகோதரர் ஜானுடன் சேர்ந்து 1879இல் காப்புரிமை வாங்கினார். அந்த இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள், 'கெடுக்க முடியாத காசாளர்'. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி அந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலாளிக்குக் கணக்கு தெரிய வேண்டும், அதில் தப்பில்லை. நாங்கள் மாற்றியது இதுதான்: ரத்துப் பட்டியல் முதலில் அக்காவுக்கு. அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுவார். வாரத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். முதல் மாதமே ஒரு விஷயம் வெளியே வந்தது. ரத்துகளில் பெரும்பாலானவை இரண்டே இரண்டு பொருள்களால் வந்தவை. தேடும்போது அவை அடுத்தடுத்து வரும், கை தவறி மற்றது ஏறிவிடும். பட்டியலில் ஒன்றின் பெயரை மாற்றினேன். பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. நோட்டுக்குள் ஒளிந்திருந்தவரை இது யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு இன்றும் குறுகுறுக்கும் இடம் இது. அந்த அறிக்கையை நான் யாருக்காக வடிவமைத்தேன்? காசு கொடுத்தவருக்காக. பயன்படுத்துபவரை நான் கேட்கவே இல்லை.

கணினியை எங்கே வைப்பது என்பதிலும் சறுக்கினேன். நோட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன், கல்லா மேசையில். பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990இல் எழுதியது அப்போது எனக்குத் தெரியாது. மின்சாரம் வந்த காலத்துத் தொழிற்சாலைகளைப் பற்றியது. நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்துவிட்டு, கூரையில் ஓடும் தண்டுகளையும் பெல்ட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பெரிய பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. 1900 வாக்கில்கூட அமெரிக்க ஆலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனிச் சின்ன மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றி அமைத்த பிறகு, 1920களில்தான் உற்பத்தித்திறன் துள்ளியது. எங்கள் கடையில் இருப்பு தெரிய வேண்டியது அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு. கணினி இருந்ததோ அக்காவிடம். அவன் உள்ளேயிருந்து கத்துவான், அக்கா பில்லை நிறுத்திவிட்டுத் தேடுவார். ஒரு பழைய போனை அலமாரியில் கட்டித் தொங்கவிட்டு, இருப்பைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தோம். கத்தல் நின்றது.

இனி நான் கொஞ்சம் கத்தப்போகிறேன். தயவுசெய்து சாவியைக் கைமாற்றி வையுங்கள். என்னைப் போன்றவர்களிடமிருந்து! ஒரு சின்ன அச்சகத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தவர், டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தன் மின்னஞ்சலில் தன் பெயரிலேயே பதிந்திருக்கிறார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எண்ணையும் மாற்றிவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போயிருக்கின்றன. தளம் நின்ற பிறகுதான் அச்சகத்தார் என்னிடம் வந்தார். ரசீது, விசிட்டிங் கார்டு, கடைப் பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரி இருந்தது. அதை மீட்க முடியவில்லை. புதுப் பெயர் வாங்கினோம். இதற்கெல்லாம் தொழில்நுட்ப அறிவே வேண்டாம். டொமைன், மென்பொருள் உரிமம், நிர்வாகி பாஸ்வேர்ட், இணைய வரைபடத்தில் கடை இருக்கும் கணக்கு எல்லாம் முதலாளியின் மின்னஞ்சலில், முதலாளியின் போன் எண்ணில் இருக்க வேண்டும். எங்களுக்குத் தனி அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

பேக்கப்பும் அப்படித்தான். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று கடைக்கு வெளியே என்று எங்கள் துறையில் ஒரு கணக்கு உண்டு. அது நல்ல கணக்கு. ஆனால் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பட்டறையில் ஒரு வருஷமாக தினமும் பென்டிரைவில் ஏறிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? குறுக்குவழி ஐகான். கோப்பே இல்லை. சிரிப்பு வரவில்லை எனக்கு.

கடைசியாகக் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு. "அத போட்டா வியாபாரம் ஏறுமா தம்பி?" வரைபடத்தில் உங்கள் கடையின் திறக்கும் நேரம் சரியாக இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிக் கடைகளில் இருக்காது. அதை முதலில் சரிசெய்வோம், காசு செலவில்லை. தெர்மல் பில்லையும் பார்த்துவிடுவோம். அந்தத் தாளில் மை இல்லை, சூட்டில் நிறம் மாறும் பூச்சு மட்டும்தான். வெயிலில் அல்லது பிளாஸ்டிக் உறையில் கிடந்தால் வெளுத்துவிடும். உத்தரவாதத்துக்காக ஒரு வருஷம் வைத்திருந்து வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து நீட்டும் வாடிக்கையாளரிடம் வாதாடுவதைவிட, பில்லின் பிரதியை அவர் போனுக்கு அனுப்புவது எளிது. இதெல்லாம் முடிந்த பிறகு செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசலாம். அதில் பயன் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரே சாமானுக்கு மூன்று பெயர் இருக்கும் பட்டியலைக் கொடுத்தால் அதுவும் மைனஸ் 40 என்றுதான் சொல்லும், கொஞ்சம் நயமாக.

போன வாரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நோட்டு இப்போது கீபோர்டுக்கு அடியில் இல்லை, மேலேயே கிடக்கிறது. புது நோட்டு, மெலிசானது. அக்கா அதில் தானாகவே மூன்று கோடு கிழித்து, பில் எண் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார். பதினோரு வரி நாலைந்து வரியாகக் குறைந்துவிட்டது. அன்றைய பக்கத்தின் மேலே முதல் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். "நீலச் சட்டை, எல்போ 6, மீதி."

"இன்னுமா அக்கா?"

"அடிச்சுட்டா மறந்துடும் தம்பி," என்றார், பில்லிலிருந்து கண்ணை எடுக்காமல். தினமும் சாயங்காலம் அந்த வரியை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறாராம்.